தேய்த்ததும் மறைந்த வாய்

அந்த வாயைப் பார்த்ததும் பல் டாக்டருக்கே குமட்டியது.

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பதுதான் அந்த அம்மாளின் பிழைப்பு. சொத்தை, சீழ், பாசி பிடித்த கடைவாய் என்று எதைக் கண்டும் முகம் சுளிக்காதவர். அப்படிப்பட்டவர் காலை பத்தரை மணிக்கு, கைபேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் கூட்ட அறையில், தன் பழைய கைபேசியை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

“என்ன மேடம் ஆச்சு?” என்றார் முதலாளி.

“நீங்களே திருப்பிப் பாருங்க.”

முதலாளி திருப்பினார். பார்த்தார். மறுபடி கவிழ்த்தார்.

டாக்டர் கேட்டு அவர்கள் செய்து கொடுத்தது குழந்தைகளுக்கான பல் துலக்கும் விளையாட்டு. திரையில் ஒரு பையன் ஆவென்று வாயைத் திறப்பான். பல்லில் மஞ்சள் கறை இருக்கும். விரலைப் பிரஷ்ஷாக நினைத்துத் தேய்த்தால் கறை போய் வெள்ளைப் பல் பளிச்சிடும். முதலாளியின் புதுக் கைபேசியில் சமர்த்தாக ஓடியது. டாக்டரின் பழைய கைபேசியில், அந்தப் பையனின் வாய்க்குள் வேறொரு வாய் இருந்தது. வரைந்த வாய் அல்ல, நிஜமான ஒரு பெண்ணின் வாய். முன்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழுதட்டில் தையல். ஈறோரம் காய்ந்த ரத்தம்.

“பார்த்ததும் உடம்பு கூசிப் போச்சு. விரலால தேய்ச்சுத் தள்ளினேன். நல்லவேளை, தேய்க்கத் தேய்க்கப் போச்சு,” என்றார் டாக்டர். “ஆனா அது யாருன்னு எனக்குத் தெரியும். புருஷன் அடிச்சுப் பல்லு உடைஞ்சு வந்த பொண்ணு. இந்தப் படத்தை யாருக்கும் காட்டிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினா. என் ரூம் கம்ப்யூட்டரைத் தாண்டி அது எங்கேயும் போகல. அதைக் கொண்டு வந்து குழந்தைங்க விளையாட்டுல வெச்சிருக்கீங்க.”

“உங்க ரூமுக்கு இங்கேர்ந்து யார் யார் வந்தாங்க மேடம்?”

கேள்வி கதவோரத்திலிருந்து வந்தது. கேட்டவளுக்கு அலுவலகத்தில் மோப்பம் என்று பெயர். செய்து முடித்த விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. உலகம் தூக்கிப் போட்ட பழைய கைபேசிகளை ஒரு இழுப்பறை நிறையச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றிலும் விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பாள். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைப்பாள். அடுத்தவர் கன்னத்து எண்ணெய் அவளுக்கு ஆகாது. குளிர்சாதனப் பெட்டியில் கெட்டுப்போன பால் யாருடையது என்று மூடியைத் திறக்காமலே சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்தவர் மேனேஜர்.

“மூணு பேர் வந்தாங்க,” என்றார் டாக்டர். “உங்க முதலாளி, மேனேஜர், அப்புறம் புரோகிராம் எழுதற அந்தப் பொண்ணு. நடுவுல ஒரு குழந்தை அழுததுன்னு நான் எழுந்து போனேன். திரையில அந்தப் படம் திறந்தே இருந்துச்சு. மூடிட்டுப் போயிருக்கணும், என் தப்பு. திரும்பி வந்தப்போ வெளியே ஆளுக்கு ஒரு பக்கமா போனும் கையுமா நின்னாங்க.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “மேடம், இது ரொம்ப சிம்பிள். இந்த விளையாட்டுல படங்கள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கும். அடியில பல்லு, மேல அழுக்கு. அழுக்கைத் தேய்ச்சா அடியில இருக்கறது தெரியும். யாரோ இந்தப் படத்தை அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. அடி அடுக்கு முழுக்க புரோகிராம் எழுதற பொண்ணு கையில. நேத்து சாயங்காலம் கடைசியா கையை வெச்சதும் அவதான். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

முதலாளி தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிற மனிதர், வாடகை கேட்டால் தவிர.

“நாலு மணிக்கு வருவேன்,” என்றார் டாக்டர். “படத்தைத் திருடினது யாருன்னு பேர் வேணும். அதை எடுத்துக்கிட்டு நேரா போலீஸுக்குத்தான் போறேன்.”

அவர் போனதும் முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு பேரைக் குடுத்துட வேண்டியதுதான்.”

புரோகிராமர் பெண்ணுக்கு முணுமுணு என்று பெயர். எழுதும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள். இப்போது கூட்ட அறைக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்று, எதுவும் பேசாமல் இருந்தாள். நோயாளியின் படத்தைத் திருடியவள் என்று ஒரு முறை பெயர் விழுந்துவிட்டால், இந்தத் தொழிலில் அடுத்த கதவு திறக்காது. அது அவளுக்கும் தெரியும், உள்ளே தலையாட்டியவருக்கும் தெரியும்.

“சார், நாலு மணி வரைக்கும் எனக்குக் குடுங்க,” என்றாள் மோப்பம்.

“உனக்கு எதுக்கும்மா இது? உன் வேலையைப் பாரு,” என்றார் மேனேஜர்.

“இதுதான் சார் என் வேலை. நேத்து ராத்திரி பழைய போன்ல பாக்க வேண்டாம், நேரமில்லன்னு நீங்க சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்குக் காலையில இது டாக்டர் கையில போயே இருக்காது.”

அலுவலகத்தில் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் அத்தான். மேனேஜர் அவளுடைய சொந்த அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதை மாதத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, வழக்கம்போல் தலையாட்டினார்.

*

பகல் பதினொன்றரை. மாடிப்படி.

அங்கேதான் முணுமுணு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ சிகரெட்டை அணைத்த காகிதக் குவளை. அடியில் மிச்சமிருந்த காபியில் சாம்பல் மிதந்தது. மோப்பம் அதை ஒற்றை விரலால் தள்ளிவிட்டுக் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாள்.

“நேத்து சாயங்காலம் என்ன மாத்தின?”

“ஒரே ஒரு படத்தைச் சுருக்கினேன். அவ்வளவுதான். விளையாட்டு ரொம்பக் கனமா இருக்கு, பழைய போன்ல ஏறலைன்னு மேனேஜர் சொன்னார்.”

“எந்தப் படம்?”

“அழுக்கு.”

“அதை மட்டும் ஏன்?”

“அதுதானே கனம். மத்த படம் எல்லாம் சேர்ந்தாக்கூட அது அளவு வராது.”

மோப்பம் திரும்பிப் பார்த்தாள். “நாலு மஞ்சள் கறை. மீதி முழுக்க வெறும் இடம். அது எப்படி அவ்வளவு கனம்?”

“எனக்கும் புரியல. கேட்டேன். வந்ததை வெச்சு வேலையைப் பாருன்னார்.”

“அடியில இருக்கற பல்லு?”

“அது நான் பண்ணது. வேணும்னா பிரிச்சுக் காட்டறேன். அதுல ஒண்ணும் இல்ல. நான் சொன்னா யார் நம்பப் போறாங்க?” அவள் மோப்பத்தின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நான் அந்த ரூமுக்குப் போனேன். திரையில அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கிட்டு வெளியே வந்துட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணது.”

“வெளியே வந்தப்போ உள்ள யார் இருந்தாங்க?”

“ரெண்டு பேரும். அப்புறம் முதலாளியும் போன் பேசிட்டு வெளியே வந்தார். அவர் பின்னாலயே மேனேஜர் வந்தாரா, கொஞ்சம் கழிச்சு வந்தாரான்னு நான் பாக்கல. அழுதுட்டு இருந்தேன்.”

பார்க்கவில்லை என்பதைப் பார்க்கவில்லை என்றே சொன்னாள். பழி தலைக்கு மேல் தொங்கும்போதும் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. மோப்பத்துக்கு அது பிடித்திருந்தது. அன்று காலையிலிருந்து அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

*

பகல் பன்னிரண்டரை. சோதனை மேஜை.

மோப்பம் இழுப்பறையிலிருந்து டாக்டருடையதைப் போலவே ஒரு பழைய கைபேசியை எடுத்தாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். விளையாட்டை ஏற்றினாள்.

பையன் வாயைத் திறந்தான். உள்ளே அந்தப் பெண்ணின் வாய்.

மோப்பம் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். படத்தின் மேல் மெல்லிய சாய்கோடுகள் ஓடின, கணினித் திரையைக் கைபேசியால் படம் எடுத்தால் விழுமே, அந்தக் கோடுகள். ஆக, யாரோ டாக்டரின் திரையைத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தின் இடது மேல் மூலையில் பிறை வடிவில் ஒரு மங்கல் இருந்தது. எண்ணெய் விரல் பட்ட மாதிரி. அவள் மேஜையில், அவள் துடைத்த கைபேசியில், எண்ணெய் விரலா? கோபத்தோடு பஞ்சை எடுத்து அந்த மூலையை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். மங்கல் போகவில்லை. கைபேசிக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

பிறகு விரலால் பல்லைத் தேய்த்தாள்.

தேய்த்த இடத்தில் உடைந்த பல் மறைந்தது. வெள்ளைப் பல் வந்தது. உதட்டில் தேய்த்தாள். தையல் மறைந்தது. ஈறில் தேய்த்தாள். ரத்தம் போயிற்று. கடைசியில் பையனின் சுத்தமான வாய் மட்டும் சிரித்தது.

மோப்பம் விரலை எடுத்தாள். காலையில் டாக்டர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. அத்தனை பேர் கேட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

முணுமுணுவைக் கூப்பிட்டாள்.

“இந்த விளையாட்டுல நுரை, உதடு, ஈறுன்னு மத்த படமெல்லாம் இருக்கே. அழுக்கை எப்படிச் சுருக்கினியோ, அதே மாதிரி அதையெல்லாமும் சுருக்கி இதுல போடு.”

“எதுக்கு?”

“போடு, சொல்றேன்.”

போட்டாள். ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நுரையைச் சுற்றிக் கன்னங்கரிய கட்டம். உதட்டைச் சுற்றிக் கறுப்பு. ஈறைச் சுற்றிக் கறுப்பு. வெறும் இடமெல்லாம் தார் பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது. அழுக்குப் படத்தில் மட்டும் வெறும் இடத்தில் அந்தப் பெண்.

முணுமுணுவின் உதடுகள் அன்று முதல் முறையாகத் தனக்குத்தானே அசைந்தன. முணுமுணுத்தாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். “ஐயோ. நான் சுருக்கின விதம் தப்பு. அது பழைய போன்ல ஒளிபுகும் இடத்தையெல்லாம் அடைச்சிடும். என் போன் புதுசு, அதுல தெரியல. அது என் தப்புதான் அக்கா.”

“ஆமா, உன் தப்புதான். அந்தத் தப்பு மட்டும் நடக்காம இருந்திருந்தா, இந்தத் திருட்டு யாருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள் மோப்பம்.

*

பகல் ஒன்றேகால். ஓவியரின் மூலை.

இந்த விளையாட்டுக்கான படங்களை வரைபவர் ஓவியர். அன்றுதான் விடுப்பு முடிந்து வந்திருந்தார். பல் விளையாட்டுக்குப் படம் வரையும்போதே பல்வலி வந்து படுத்தவர் அவர். வலது கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

“அழுக்குப் படம் நீங்க வரைஞ்சதா?”

“எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே.”

“நான் அதைக் கேக்கல.”

“முதலாளியே தத்ரூபம்னார். எல்லார் முன்னாடியும் கைதட்டினார்.”

“அண்ணே, நீங்க வரைஞ்ச நுரை, உதடு, ஈறு மூணையும் பிரிச்சுப் பார்த்தேன். மூணுலயும் வெறும் இடத்துல ஒண்ணுமே இல்ல. நீங்க வெற்றுத்தாள்ல ஆரம்பிக்கறவர். அழுக்கு அப்படி இல்ல. அது நீங்க லீவுல இருந்தப்போ வந்திருக்கு. வீட்லேர்ந்து நீங்க அனுப்பினதா மேனேஜர் சொன்னாராம்.”

ஓவியர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். “அனுப்பல.”

“யார் பண்ணாங்க?”

“தெரியாது. நெஜமாவே தெரியாதும்மா. காலையில வந்து பார்த்தா எல்லாரும் பாராட்டறாங்க. நான் இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். கைதட்டிட்டாங்க.”

“கைதட்டினா வாய் மூடிக்குமா?”

கைதட்டலுக்கு வாயை மூடிக்கொண்ட ஒரு மனிதனால், ஒரு பெண்ணின் தலையில் திருட்டுப் பட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கண்டவன் எடுத்துக்கொண்டால் களவு, கொடுத்ததை வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்று மோப்பத்துக்குத் தெரியவில்லை. அங்கிருந்து எழுந்து கை கழுவப் போனாள்.

அலுவலகத்துச் சமையலறைத் தொட்டி எப்போதும்போல் நாறியது. ஊறிப்போன தேயிலை, அடைத்த துவாரம், மேலே எண்ணெய்ப் படலத்தோடு ஒரு சாப்பாட்டு டப்பா. அத்தானுடையது. அக்கா தினமும் இரண்டு டப்பா கட்டி அனுப்புவாள், ஒன்று கணவனுக்கு, ஒன்று தங்கைக்கு. அவர் தின்றுவிட்டுத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். மிச்சத்தை வழித்துக் கொட்டக்கூட மாட்டார். அக்காவின் பாத்திரமாயிற்றே என்று மோப்பம் மூக்கைச் சுளித்தபடி இரண்டையும் கழுவி எடுத்துவைப்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடக்கிறது.

அன்றும் கை தானாக அந்த டப்பாவுக்குப் போனது. அப்போது அவள் கைபேசி ஒலித்தது. அக்கா. சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக இருக்கும். ஈரக் கையால் எடுக்க மனமில்லாமல் அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஓய்ந்ததும் முகப்புப் படம் வந்தது. அக்கா மகளின் பிறந்த நாளன்று எடுத்தது. குழந்தை கேக்கை முகமெல்லாம் அப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் படத்தின் இடது மேல் மூலையில் பிறை வடிவில் ஒரு மங்கல்.

மோப்பம் குனிந்து பார்த்தாள். அது திரையிலிருந்த அழுக்கு அல்ல. இந்தப் படத்தை முகப்பில் வைத்த புதிதில் எத்தனையோ முறை அதையும் துடைத்துப் பார்த்திருக்கிறாள். அத்தான் எடுக்கும் எல்லாப் படத்திலும் அது இருக்கும். அவர் கைபேசியைக் கீழே போட்டுக் கேமராக் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருந்தது. மாற்றச் சொல்லி அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். படம் தெரியுதில்ல, அப்புறம் என்ன என்பார்.

கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம். முணுமுணு அவளுக்கு அக்காளா, தங்கையா? அத்தான் பேர் போலீஸுக்குப் போனால் அக்கா வீடு என்னாகும், அந்தக் குழந்தை என்னாகும்? இப்படியெல்லாம் ஓடியது மனசு. பிறகு உடைந்த முன்பல்லும் தையல் போட்ட உதடும் கண்ணுக்குள் வந்தன. தன் யோசனையே தனக்கு அருவருப்பாக இருந்தது. குழாயை மூடினாள்.

டப்பாவைத் தொடவில்லை.

*

மாலை நான்கு. கூட்ட அறை.

டாக்டர், முதலாளி, மேனேஜர், ஓவியர். முணுமுணு கதவை ஒட்டி நின்றாள். மேஜையில் பழைய கைபேசி. முதலாளியின் முன்னால் புகார்த் தாளில் முணுமுணுவின் பெயர் தட்டச்சாகித் தயாராக இருந்தது.

“மேடம், காலையில நீங்க ஒண்ணு சொன்னீங்க,” என்றாள் மோப்பம். “அந்தப் படத்தை விரலால தேய்ச்சேன், தேய்க்கத் தேய்க்கப் போச்சுன்னீங்க.”

“ஆமா.”

“மேனேஜர் சார் சொன்னது, படம் அடியில இருந்துச்சுன்னு. அடியில இருந்தா தேய்ச்சப்புறம்தானே தெரியணும்? இது தேய்க்கறதுக்கு முன்னாடி இருந்துச்சு, தேய்ச்சதும் போச்சு. தேய்ச்சா போறது அழுக்கு மட்டும்தான். ஆக, அந்தப் பொண்ணு படம் அடியில இல்ல. மேல இருக்கற அழுக்குப் படத்துக்குள்ளயே இருக்கு. அடி அடுக்கு பண்ண இவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“அழுக்குப் படத்தை நான் திறந்து பார்த்தேனே,” என்றார் முதலாளி. “நாலு கறைதான். மீதி வெறும் இடம்.”

“வெறும் இடம் மாதிரி தெரியும் சார். ஒவ்வொரு புள்ளிக்கும் கம்ப்யூட்டர் ரெண்டு விஷயம் வெச்சிருக்கும். என்ன நிறம், அது எவ்வளவு தெரியணும். ரப்பரை வெச்சு அழிச்சா ரெண்டாவது மட்டும்தான் பூஜ்யமாகும். நிறம் அங்கேயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனாலதான் நாலு கறைக்கு அவ்வளவு கனம். பழைய போனுக்காக இவ சுருக்கினப்போ, எவ்வளவு தெரியணுங்கற கணக்கு விழுந்துடுச்சு. ஒளிஞ்சிருந்த நிறமெல்லாம் வெளியே வந்துடுச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காங்க. சோறு கொஞ்சம் நகர்ந்துடுச்சு.”

“அப்போ ஓவியர்தான்,” என்றார் மேனேஜர் உடனே. “அழுக்கு அவர் வேலை.”

ஓவியர் தலையைக் குனிந்தபடியே பேசினார். “நான் வரையல. நான் அப்போ லீவு. பாராட்டை வாங்கிக்கிட்டேன், தப்புதான்.”

“அவர் டாக்டர் ரூமுக்குப் போனதே இல்ல,” என்றாள் மோப்பம். “அவர் வரைஞ்ச மத்த படத்துல வெறும் இடம் நெஜமாவே வெறும் இடம். அழுக்கு வேற கை. இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கறையை யாருமே வரையல. மேடம், நீங்க பாருங்க. ஈறோரம் இருக்கற கறையோட வடிவம்.”

டாக்டர் கைபேசியை இழுத்து, கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

“இது காஞ்ச ரத்தம். அந்தப் பொண்ணோட ரத்தம். இந்த நாலு இடத்தை மட்டும் மஞ்சளா மாத்தியிருக்காங்க.”

அடி வாங்கிய ஒரு பெண்ணின் ரத்தத்தைத்தான் அவர்கள் அத்தனை பேரும் தத்ரூபம் என்று கைதட்டிப் பாராட்டியிருந்தார்கள். முதலாளி முதல் முறையாகத் தலையாட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்.

“ரூமுக்குப் போனது மூணு பேர். மூணு பேர்கிட்டயும் போன் இருந்துச்சு,” என்றாள் மோப்பம். தன் கைபேசியை எடுத்துப் பழைய கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள். “இந்த மூலையில ஒரு மங்கல் இருக்கு. நான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சும் போகல. ஏன்னா அது போன்ல இல்ல, படத்துல இருக்கு. இது என் அக்கா மகளோட பிறந்த நாள் படம். அதே மூலை, அதே பிறை. முதலாளி சார், மேனேஜர் சார் போனை வாங்கி இந்த வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்க.”

முதலாளி கை நீட்டினார். மேனேஜர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“எதுக்கு இப்போ என் போன்?”

“படம் எடுக்கத்தான்யா கேக்கறாங்க. குடு,” என்றார் முதலாளி.

மேனேஜர் கொடுத்தார். முதலாளி சுவரைப் படம் எடுத்தார். வெள்ளைச் சுவரின் இடது மேல் மூலையில் பிறை விழுந்தது.

“இது என்ன பெரிய குத்தம்?” மேனேஜரின் குரல் உயர்ந்தது. “ஓவியர் படுத்துட்டார். தேதி நெருங்குது. மாதிரிக்கு ஒரு படம் வேணும்னு எடுத்தேன். உலகத்துல யாரு எடுக்கல? அதான் முழுசா அழிச்சுட்டேனே. யாருக்குத் தெரிஞ்சுது?”

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள் மோப்பம். “காலையில அந்த வாயைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இந்தப் பொண்ணைக் கை காட்டினீங்க.”

மேனேஜர் அவள் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்போது அவர் வாயிலிருந்து மதியச் சாப்பாட்டு வாடை வந்தது, அக்காவின் கைப்பக்குவம். “உன் அக்காவை நினைச்சுப் பார்த்தியா? வேலை வாங்கிக் குடுத்தவனுக்கு நீ பண்ற கைம்மாறு இதுதானா?”

மோப்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“நினைச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன் அத்தான்.”

அலுவலகத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

டாக்டர் புகார்த் தாளைத் தன் பக்கம் இழுத்தார். முணுமுணுவின் பெயரை அழுத்தி அடித்துவிட்டு மேலே வேறு பெயரை எழுதினார். “பல்லு உடைஞ்சு வந்த அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றார், யாரையும் பார்க்காமல்.

முணுமுணு சுவரை விட்டு நகர்ந்து தன் இருக்கைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து முணுமுணுப்பு கேட்கத் தொடங்கியது. அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் வேரோடு எடுத்துக்கொண்டிருந்தாள், இந்த முறை நிறத்தையும் சேர்த்து.

*

மோப்பம் சமையலறைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டாள். அத்தான் முந்திக்கொண்டு பேசினால் கதை வேறாகிவிடும். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“நீதான் கண்டுபிடிச்சியா?” என்றாள் அக்கா கடைசியில்.

“நான்தான்.”

“அடி வாங்கின அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியுமா?”

“இன்னும் தெரியாது.”

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டது. அக்கா அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். “சரி. வரும்போது டப்பாவை எடுத்துட்டு வந்துடு. அவர் இன்னிக்கு எங்க இருப்பாரோ.”

“அவர் டப்பா தொட்டியில கிடக்குக்கா. இன்னும் கழுவல.”

“அவர்தானே தினமும் கழுவிக் கொண்டு வருவார்? என் கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்னு நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

மோப்பம் தொட்டியில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

“நீயாடி கழுவற?”

“நான்தான்,” என்றாள் மோப்பம். அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“இனிமே கழுவாதே,” என்றாள். கைபேசியை வைத்துவிட்டாள்.

மோப்பம் தன் டப்பாவை எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். துடைத்துப் பைக்குள் வைத்தாள். மற்றது எண்ணெய் மிதக்கத் தொட்டியிலேயே கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.